தாதியர் பயிற்சியும் தன்னம்பிக்கையும்

செமோர் வட்டாரப் பெற்றோர், மாணவர், கொடையாளர் கவனத்திற்கு



திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், அதாவது 950ஆம் குறளில், திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர் முதலாமவர். நோயைத் தீர்க்கும் மருத்துவர் இரண்டாமவர். மருந்து மூன்றாவது. நோயாளியின் அருகிலேயே இருந்து, காலந்தவறாமல் மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்பவர் நான்காமவர். தேர்வுக்காக இக்குறளை மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம் அந்த நான்காமவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள். அவரைத்தான் நாம் இன்று தாதி என்கிறோம். தோட்டத்து மக்கள் அவரை ‘மிஸ்ஸி’ என்று அழைத்தார்கள்.

நான் செமோரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். 38 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் அந்த நான்காமவராக நின்றுவிட்டு ஓய்வு பெற்றேன். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் என் வீட்டு வாசலுக்கு இரண்டு கேள்விகள் வந்து சேரும். “எங்க பிள்ளைக்கு மிஸ்ஸி படிப்புக்கு இடம் கிடைக்குமா, சிஸ்டர்?” என்பது ஒன்று. “கிடைச்சாலும் அவளால முடியுமா?” என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைத் தாயார் சற்றுக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். முதல் கேள்விக்கு அரசாங்க விதிமுறைகளே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

ஆயாக் கொட்டகையும் தோட்டத்து ஆஸ்பத்திரியும்

நம் வட்டாரத்துக்குத் தாதிமை புதிதன்று. விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குக் கிளம்பும்போது, கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். ஒரே ஆயா பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, தொட்டிலாட்டி, காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணி வைப்பார். பெரிய தோட்டங்களில் சிறு ஆஸ்பத்திரியோ மருந்தகமோ இருக்கும். அதற்கு டிரெசர் பொறுப்பாக இருப்பார். அவருக்கு உதவியாக ஓரிரு பெண்கள் கட்டுப் போடுவார்கள், மருந்து கலக்குவார்கள். நோய் முற்றினால் ஈப்போவின் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லாரி போகும். இன்று ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை என்று வழங்கப்படுவது அதுவே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது ஆயாக் கொட்டகையும் மறைந்தது. ஆனால் அந்தக் கைப்பழக்கம் மறையவில்லை. இனிப்பு நீரால் கால் புண்ணான பாட்டிக்கு நாள்தோறும் கட்டு மாற்றுவது யார்? படுத்த படுக்கையான தாத்தாவைப் புரட்டிப் போடுவது யார்? பெரும்பாலும் படிவம் நான்கிலோ ஐந்திலோ படிக்கும் பேத்திதான். அவளுக்குத் தான் பாதித் தாதி என்பது தெரியாது. நாமும் அவளிடம் அதைச் சொல்வதில்லை. மீதிப் பாதிக்குத்தான் படிப்பும் பதிவும் வேண்டும். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவரே இந்நாட்டில் தாதியாகப் பணி செய்யலாம்.

பாப்பான் வீதியில் ஒரு தாதி

தன்னம்பிக்கைக்கு உதாரணம் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஈப்போவில் ஃபேர் பார்க் பகுதியில் சிபில் கார்த்திகேசுவின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதன் வழியே அன்றாடம் போய்வரும் பலருக்கு அவர் ஒரு தாதி என்பது தெரியாது.

1899இல் சுமத்திராவின் மேடானில் பிறந்த சிபில், தாதிமையும் மருத்துவச்சிக் கலையும் பயின்றவர். இலங்கைத் தமிழர் வம்சாவளியில் வந்த டாக்டர் கார்த்திகேசுவை மணந்து, ஈப்போ புருஸ்டர் சாலையில், அதாவது இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், கணவரோடு சேர்ந்து மருந்தகம் நடத்தினார். கன்டோனிஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன மக்கள் அவரைத் தங்களுள் ஒருவராகவே கருதினார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியபோது, குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் ஊராருக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடிய வீரர்கள் காயங்களோடு இரவில் வருவார்கள். அவர்களுக்கும் இரகசியமாகக் கட்டுப் போட்டார் சிபில். மறைத்து வைத்த வானொலியில் செய்தி கேட்டு, மக்களுக்கும் சொன்னார். 1943இல் கைது செய்யப்பட்டார். கெம்பெய்த்தாய் இராணுவப் போலீசார் சொல்லொணாச் சித்திரவதை செய்தும், காட்டிலிருந்தவர்களை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடியும்வரை பத்து காஜா சிறையில் கிடந்தார். விடுதலைக்குப் பின் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வீரத்திற்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1948 ஜூன் மாதம் அங்கேயே காலமானார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெருந்திரளான மக்கள் சூழ அடக்கம் செய்யப்பட்டது.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளிடம் சொன்னால், “அவங்க வீராங்கனை, நாங்க அப்படியா?” என்பார்கள். நான் காட்ட விரும்புவது சிறைச்சாலைச் சிபிலை அன்று. பாப்பான் கடைவீட்டுச் சிபிலை. போர் வருமுன்பே ஆண்டுக்கணக்கில் புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, பிரசவம் பார்த்த கைகள் அவருடையவை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டபோது அந்தக் கைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. துணிச்சல் அவருக்குத் திடீரென்று வானத்திலிருந்து வந்துவிடவில்லை. கைப்பழக்கம் முன்னே வந்தது, துணிச்சல் அதன் பின்னே வந்தது. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே வரும்.

வீட்டாரின் தயக்கம்

முதல் தடை பல வேளைகளில் வீட்டிலேயே இருக்கிறது. “இரவு வேலை”, “ஆண்களைத் தொட வேண்டும்”, “மலம், மூத்திரம் அள்ள வேண்டும்”, “நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?” என்று பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளையின் மனம் பாதி தளர்ந்துவிடுகிறது.

இத்தயக்கம் நம் இனத்தில் மட்டும் உள்ளதன்று. 1820இல் பிறந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் செல்வக் குடும்பத்துப் பெண். தாதியாவதை அவர் குடும்பத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்துதான் 1851இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். 1854இல் கிரிமியப் போரில் காயமுற்றவர்களுக்கான மருத்துவமனைக்குச் சென்றார். 1860இல் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று திருச்சிராப்பள்ளி மலையில் இருக்கிறது. அங்கே நிறைமாத கர்ப்பிணியான இரத்தினாவதி தாயின் வருகைக்காகக் காத்திருந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். வலி கண்டு துடித்த பெண்ணிடம் சிவபெருமானே அவள் தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். அதனால்தான் அவருக்குத் தாயுமானவர் என்று திருநாமம். பிரசவ அறையின் இரத்தத்தையும் நீரையும் இறைவன் அசுத்தம் என்று ஒதுக்கவில்லை. அவ்வாறிருக்க, அந்தப் பணியை நம் மகள் செய்தால் குறைவு என்று எந்த வாயால் சொல்வது?

ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தாதியர் பயிற்சிக்கு ஆண்களும் விண்ணப்பிக்கலாம். தோட்டத்து டிரெசர் வழியில் வரும் மருத்துவ உதவி அதிகாரிப் பயிற்சியும் தனியே உண்டு.

வாசலுக்கு வேண்டிய சாவி

பதிவு பெற்ற தாதியாவதற்கான டிப்ளோமா மூன்றாண்டுப் படிப்பு. இதற்குப் பொதுவாகக் கேட்கப்படும் தகுதி எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து பாடங்களில் கிரெடிட். அவற்றுள் தேசிய மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகிய மூன்றும் கட்டாயம். மற்ற இரண்டு வேறு பாடங்களாக இருக்கலாம். ஆங்கிலத்தில் குறைந்தது தேர்ச்சி வேண்டும். 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றுப் பாடத்தில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நுழைவுத் தகுதி சில சமயம் தளர்த்தப்படுவதும் பின்னர் இறுக்கப்படுவதும் உண்டு. ஆகவே, அண்டை வீட்டாரின் அக்காள் மகள் சேர்ந்த ஆண்டின் விதியை நம்பாமல், உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

வாசல்கள் மூன்று. முதலாவது, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள். இதற்கான அறிவிப்பைப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் கவனித்து வர வேண்டும். இரண்டாவது, தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும். மூன்றாவது, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் முடித்தவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உள்ள இளங்கலைத் தாதிமைப் படிப்பு.

தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு அனுமதிகளைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஒன்று எம்.கியூ.ஏ. அங்கீகாரம், மற்றொன்று மலேசியத் தாதியர் வாரியத்தின் ஒப்புதல். வாரியத்தின் ஒப்புதல் இல்லாத படிப்பை முடித்தால் பதிவு பெற வழியில்லை. பயிற்சி எந்த மருத்துவமனையில் நடக்கிறது, சென்ற ஆண்டு எத்தனை பேர் வாரியத் தேர்வில் தேறினார்கள் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 2010ஆம் ஆண்டையொட்டி, தனியார் கல்லூரிகளில் படித்து முடித்த பலர் வேலை கிடைக்காமல் பி.டி.பி.டி.என். கடனோடு தவித்தார்கள். இன்று நிலை மாறி, மருத்துவமனைகள் தாதியர் பற்றாக்குறையால் திண்டாடுகின்றன. அனுபவமுள்ளவர்கள் சிங்கப்பூருக்கும் சவுதி அரேபியாவுக்கும் போகிறார்கள். காலம் எவ்வாறு மாறினாலும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் மொத்தத் தொகை என்ன, மாதம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

“கணக்கு வராது” என்னும் பயம்

நான் பார்த்த வரையில், நம் பிள்ளைகள் மனம் உடையும் முதல் இடம் கணிதம். நானும் அங்கேதான் உடைந்தேன். ஐந்தாம் படிவத்தில் கணக்கில் வெறும் தேர்ச்சியோடு நின்றேன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படிக்காத என் அம்மா, பால்வாளியைக் கழுவிக்கொண்டே, “ஒரு மரம் பால் விடலைன்னா தோட்டத்தையா வித்துட்டுப் போறோம்? மறுபடி எழுது” என்றார். மறுபடி எழுதினேன். இன்றும் தேறாத பாடத்தை அடுத்த ஆண்டில் தனித் தேர்வராக எழுத வழியுண்டு. ஓராண்டு தாமதம் ஆயுளில் ஒரு துளி.

தாதிக்கு வேண்டிய கணக்கு எத்தகையது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். கீழே காட்டுபவை கணக்குப் பயிற்சிக்கான உதாரணங்கள் மட்டுமே.

1. மருத்துவர் 500 மில்லிகிராம் எழுதுகிறார். கையிலுள்ள மாத்திரை ஒன்றில் 250 மில்லிகிராம். எத்தனை மாத்திரை? 500ஐ 250ஆல் வகுத்தால் 2.

2. குழந்தைக்கான நீர்மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. கொடுக்க வேண்டியது 180 மில்லிகிராம். 180ஐ 120ஆல் வகுத்தால் 1.5, அதை 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலிட்டர்.

3. 500 மில்லிலிட்டர் டிரிப் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும். மணிக்கு 125 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயானால், 125 பெருக்கல் 20, மணிக்கு 2,500 சொட்டு. 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு.

அவ்வளவுதான். பெருக்கலும் வகுத்தலும் விகிதமும். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும் பிள்ளைக்கு இது வராதா? ஆனால் ஒன்று: இந்தக் கணக்கில் புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். ஆகையால்தான் கிரெடிட் கேட்கிறார்கள். படிவம் மூன்றிலிருந்தே நாளுக்குப் பத்துக் கணக்கு என்று போட்டு வந்தால், ஐந்தாம் படிவத்தில் இந்தப் பயம் தலைகாட்டாது.

நேர்முகத் தேர்வு

இரண்டாவது இடறும் இடம் நேர்முகத் தேர்வு. “ஏன் தாதியாக விரும்புகிறாய்?” என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர், “மக்களுக்குச் சேவை செய்ய” என்பார்கள். நல்ல பதில்தான், ஆனால் கேட்பவர் காதில் நிற்காது. பாட்டியின் கால் புண்ணுக்கு எட்டு மாதம் கட்டு மாற்றியதைச் சொல்லுங்கள். புண் எப்படிச் சுருங்கியது, எந்த நாளில் துர்நாற்றம் கண்டு கிளினிக்குக்கு அழைத்துப் போனீர்கள் என்று சொல்லுங்கள். அதை நீங்களே செய்தீர்கள். ஆகவே குரல் நடுங்காது.

நான் கூறும் ஆயத்தங்கள் இவை. பள்ளியில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்கத்தில் சேர்ந்து முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று கல்லுமலையில் மயங்கி விழும் பக்தருக்கு நிழல் தந்து, கால்களை உயர்த்தி வைப்பதும் ஒரு பாடமே. நாள்தோறும் பத்து நிமிடம் தேசிய மொழி நாளிதழை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்த பத்து நிமிடம் ஆங்கிலம். வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். சான்றிதழ் நகல்கள், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் அனைத்தையும் முன்தினமே ஒரு கோப்பில் அடுக்கி வையுங்கள். தெரியாத கேள்விக்கு, “தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்” என்று சொல்லத் தயங்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் தாதி ஆபத்தானவர். அதைக் கேட்பவர்களும் அறிவார்கள்.

தமிழ் பேசுவதைக் குறையாக எண்ண வேண்டாம். வார்டில் மூச்சு வாங்கக் கிடக்கும் தோட்டத்துக் கிழவர், “நெஞ்சைப் பிசையுது” என்று சொல்வதை உடனே புரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்ல யாரால் முடியும்? சிபிலுக்குக் கன்டோனிஸ் கைகொடுத்தது போல், நமக்கு நம் மொழி கைகொடுக்கும். என் பணிக்காலத்தில் என் தமிழுக்காக நள்ளிரவில் அடுத்த வார்டிலிருந்து என்னை அழைத்துப் போன நாட்கள் பல.

முதல் ஆறு மாதம்

இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் பாயசம் வைக்கிறது. உண்மையில், மூன்றாவது இடறும் இடம் அதற்குப் பிறகே வருகிறது.

உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்று புதிய சொற்கள் மழையாய்ப் பொழியும். தங்கும் விடுதியில் அறிமுகமில்லாத முகங்கள். வார்டுக்குப் போன முதல் வாரத்தில் ஒரு வாடை வயிற்றைப் புரட்டும். மூத்த தாதி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொள்வார். சில மாதங்களில் முதல் மரணத்தைப் பார்க்க நேரும். அன்றிரவு சோறு இறங்காது. மனநலப் பயிற்சிக்காகத் தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டும் என்றதும் சிலர் அழுதே விடுவார்கள். 1911இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய மருத்துவமனை, இன்றைய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை, செமோருக்கு அண்மையில்தான் இருக்கிறது. சிறுவயதிலிருந்து அதன் பெயரைச் சொல்லித்தானே ஒருவரையொருவர் கேலி செய்கிறோம்! அங்கே போய், ஒரு நோயாளிக்குத் தலைவாரிவிட்டு வந்த பிள்ளை பிறகு வாழ்நாளில் அந்தக் கேலியைச் செய்யமாட்டாள்.

இவையெல்லாம் எல்லார்க்கும் வருபவை. எனக்கும் வந்தன. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும், “எனக்கு மட்டும்தான் இப்படி, நான் இதற்கு லாயக்கில்லை” என்று நினைத்துக்கொள்கிறது. இவ்வெண்ணமே பெரிய எதிரி.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துப் பிள்ளை ஒருத்தி, தகுதியெல்லாம் பெற்று, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். வழியனுப்பும்போது நானும் திருநீறு பூசி வாழ்த்தினேன். ஆறே வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள். முதல் சோதனைத் தேர்வில் தோல்வி. வார்டில் ஒரு திட்டு. விடுதியில் பேசத் துணையில்லை. செய்தி என் காதுக்கு வந்தது. “ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்போம்” என்று நினைத்தேன். அந்த ஞாயிறு ஒரு கல்யாணம், அடுத்த ஞாயிறு வேறு வேலை. நான் போவதற்குள் அவள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான்கு மாதம் கழித்து மார்க்கெட்டில் கண்டபோது, “அப்பவே யாராச்சும் மறுபடி போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன், சிஸ்டர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து, பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்புகிறேன். முதல் ஆறு மாதத்தில் படிப்பை விடுவது பற்றி எந்த முடிவும் எடுக்காதே. ஆறு மாதம் கழித்து அதைப் பற்றிப் பேசலாம். ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு நோட்டில், இன்று புதிதாகச் செய்யக் கற்றது என்ன என்று ஒரே ஒரு வரி எழுது. ‘இன்று நாடி பார்த்தேன்’, ‘இன்று படுக்கை விரித்தேன்’ என்பது போதும். மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால், ஒன்றும் வரவில்லை என்று மனம் சொல்வது பொய் என்பது தெரியும். மூன்றாவது, வாரம் ஒருமுறை என்னை அழை. நீ அழைக்காவிட்டால் நான் அழைப்பேன்.

கொடையாளர் பெருமக்களுக்கு

கல்வி நிதி என்றதும் நாம் கட்டணத்தைத்தான் நினைக்கிறோம். கட்டணத்துக்குக் கடனோ அரசாங்க வழியோ ஓரளவு கிடைத்துவிடும். பிள்ளைகள் தடுக்கி விழுவது சிறு சிறு செலவுகளில். நேர்முகத் தேர்வுக்குப் போக வழிச்செலவு, மருத்துவப் பரிசோதனை, ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி, வெள்ளைக் காலணி, நாடி பார்க்க விநாடி முள்ளுள்ள கைக்கடிகாரம், விடுதியில் முதல் மாதச் சாப்பாட்டுப் பணம் என்று அவை ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அந்த வாரத்தில் கையில் கிடைக்கும் சிறு தொகை, ஆறு மாதம் கழித்து மேடையில் கிடைக்கும் பெரிய காசோலையைவிட அதிகம் உதவும்.

பணத்துக்கும் மேலான ஒன்றை வேண்டுகிறேன். ஒரு கொடையாளர் ஒரு பிள்ளை என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரா? படிவம் நான்கிலிருந்து வாரம் இரு மணி நேரம் கணிதம் சொல்லிக்கொடுங்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவரா? இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். கார் வைத்திருப்பவரா? நேர்முகத் தேர்வு நாளில் அழைத்துச் சென்று, முடியும்வரை வெளியே காத்திருங்கள். இவை எதுவும் முடியாதவரா? பயிற்சிக்குப் போன பிள்ளையை வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, “சாப்பிட்டியாம்மா?” என்று கேளுங்கள். அந்த ஆறு வாரத்தில் அப்பிள்ளைக்கு யாரும் கேட்காத கேள்வி அது.

நோயாளிக்கு நான்காமவர் தாதி என்றால், தாதியாகப் போகும் பிள்ளைக்கு நான்காமவர் யார்? பிள்ளை இருக்கிறது; சொல்லிக்கொடுக்கக் கல்லூரி இருக்கிறது; படிப்பும் இருக்கிறது. அருகிலிருப்பவர் ஒருவர் மட்டுமே குறைகிறார். அந்த இடம் நமக்குரியது.

நிறைவாக

“அவளால முடியுமா?” என்று கேட்ட தாய்மார்களுக்கு என் பதில் இதுதான். இன்று முடியாமல் இருக்கலாம். நாடி பார்க்கத் தெரியாதவள் நூறு பேருக்கு நாடி பார்த்தபின் தெரிந்தவளாகிறாள். நம்பிக்கை வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருந்தால் எவரும் தொடங்கமாட்டார்கள். பயத்தோடே தொடங்கட்டும். பயம் போகும்வரை யாராவது ஒருவர் கூட இருந்தால் போதும்.

இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் நம் வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். மார்க்கெட்டில் நான் கேட்ட வார்த்தையை இனி எவரும் கேட்கும்படி ஆகக் கூடாது. என் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காக நான் இனிக் காத்திருப்பதில்லை.

தாயுமாகி வந்த பெருமான் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பாராக.